வெற்றி யாருடையது? ஆய்வு வினா ஒன்றைச் செப்பனிடல்: தீவகத் தையற்றொழிலை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

ஆய்வுக்கட்டுரையொன்று எவ்வளவு தூரம் செல்லும் என்பது அதன் முதல் வினாவிலேயே பெருமளவுக்கு நிர்ணயமாகி விடுகிறது. எனினும் எமது பல்கலைக்கழகங்களிலே தலைப்பைத் தெரிவு செய்வதற்குச் செலவாகும் நேரத்திற் சிறுபங்குதானும் வினாவைச் செப்பனிடுவதற்குச் செலவிடப்படுவதில்லை. தலைப்பு வேறு, வினா வேறு. தலைப்பு ஒரு நிலப்பரப்பைச் சுட்டுகிறது. அந்நிலத்தில் எவ்விடத்திற் கிணறு வெட்டுவது என்பதை வினா தீர்மானிக்கிறது. தீவகத்தவருக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் நன்னீர் ஊறும். சற்றுத் தள்ளி வெட்டினால் உவர்நீரே வரும்.

அண்மையில் இறுதியாண்டு மாணவி ஒருவர் எழுதிக் கொணர்ந்த வினா இக்குறிப்புகளுக்குத் தோற்றுவாயாயிற்று. ‘ஆடை அலங்காரத் தொழிற்றுறையில் வெற்றி பெறுவதற்கான காரணிகள் யாவை?’ என்பது அவ்வினா. மாணவி புளியங்கூடலைச் சேர்ந்தவர். ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட வேலணைத் தீவிலே, நாரந்தனை, சரவணை, சுருவில் முதலிய ஊர்களை அயலாகக் கொண்ட கிராமம் அது. பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாண நகரோடு தரைத் தொடர்புடையது. மாணவியின் திட்டத்திலோ புளியங்கூடல் இடம்பெறவில்லை. கொழும்பிலுள்ள புகழ்பெற்ற வடிவமைப்பாளர் சிலரின் பத்திரிகைப் பேட்டிகளைத் திரட்டி, அவற்றிலிருந்து வெற்றிக்கான காரணிகளைத் தொகுத்துப் பட்டியலிடுவதே அவரது எண்ணமாக இருந்தது.

இவ்வினாவை எவ்வாறு செப்பனிடலாம் என்பதை இங்கு படிப்படியாக விளக்க முனைகிறோம். ஆடைத் தொழில் பற்றி இலக்கிய மாணவர் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். வினா சொற்களால் ஆனது. சொற்கள் சமூக வரலாற்றைச் சுமந்து வருவன. அவ்வரலாற்றைப் பிரித்தறிவது எமது தொழிலுக்குப் புறம்பானதன்று.

2

முதலில் ‘ஆடை அலங்காரத் தொழிற்றுறை’ என்னும் தொடரை நோக்குவோம். இத்தொடர் ஒரே துறையைக் குறிப்பது போலத் தோன்றினும், அதனுள் வெவ்வேறு உற்பத்தி உறவுகளைக் கொண்ட மூன்று தளங்களாவது அடங்கியுள்ளன.

முதலாவது, வடிவமைப்பாளரின் பெயரே மூலதனமாகும் தளம். 1960களிலே ஈனா டி சில்வா பற்றிக் கலையையும், பாபரா சன்சோனி தமது ‘பெயார்ஃபூட்’ நிறுவனத்தின் வாயிலாகக் கைத்தறியையும் புதிய நிறங்களோடும் கோலங்களோடும் அறிமுகஞ் செய்தமை இத்தளத்துக்குரிய எடுத்துக்காட்டாகும். அவர்களின் படைப்பாற்றல் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும் அத்துணிகளை நெய்த, மெழுகிட்டுச் சாயந்தோய்த்த கிராமத்துப் பெண்கள் பலரின் கைத்திறனும் அங்கே உண்டு. துணியின்மேற் பொறிக்கப்படும் பெயர் அவர்களுடையதன்று.

இரண்டாவது, ஏற்றுமதிக்கான ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் தளம். இலங்கையின் பண்ட ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் இரண்டு பங்கு அளவினை ஈட்டித் தரும் இத்துறையிற் பணிபுரிவோரிற் பெரும்பான்மையோர் பெண்கள். இங்கே வடிவம் பெரும்பாலும் பிறநாட்டுக் கொள்வனவாளரிடமிருந்து வருகிறது. தைப்பது மட்டுமே இங்கு நிகழ்கிறது என்று ஒரு காலத்திற் கூறக்கூடியதாக இருந்தது. இன்று பெரிய நிறுவனங்கள் வடிவமைப்பிலும் துணியுற்பத்தியிலும் ஈடுபடுகின்றன. ஆயினும் விலையையும் காலக்கெடுவையும் விதிக்கும் அதிகாரம் கொள்வனவாளரிடமே பெரிதும் தங்கியுள்ளது.

மூன்றாவது, ஊர்த் தையலின் தளம். வீட்டு விறாந்தையில் ஓர் இயந்திரத்தை வைத்துச் சாறிச் சட்டையும் பாடசாலைச் சீருடையும் தைப்பவர், சந்தியில் இரண்டு இயந்திரங்களோடு தையற்கடை நடத்துபவர், மணப்பெண் சட்டைக்கு ஆரி வேலை செய்து கொடுப்பவர் ஆகியோர் இத்தளத்தினர்.

தமிழ்ச் சொல்வழக்கு இவ்வேறுபாட்டை முன்னரே உணர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. உடுப்பவர் பக்கத்திலிருந்து நோக்கும்போது நாம் ‘நாகரிகம்’ என்கிறோம். கலையின் பக்கத்திலிருந்து ‘அலங்காரம்’ என்கிறோம். வணிகத்தின் பக்கத்திலிருந்து ‘புடைவை வியாபாரம்’ என்கிறோம். உழைப்பின் பக்கத்திலிருந்து ‘தையல்’ என்கிறோம். தையல் என்னும் சொல் இலக்கிய வழக்கிற் பெண்ணையுங் குறிக்கும். ஆயினும் சிலப்பதிகாரம் புகார் நகரத் தொழிலாளரை எண்ணுமிடத்துக் குறிப்பிடும் துன்னகாரர் வீட்டு மூலையில் ஒதுங்கியவரல்லர். நகரின் தொழில் வகுப்பினருள் ஒருவராக எண்ணப்பட்டவர். தையல் எப்போது நகரத் தொழிலாகவும் எப்போது பெண்ணின் ‘வீட்டு வேலை’யாகவும் கருதப்படுகிறது என்பதே ஒரு வரலாற்று வினாவாகும்.

எனவே செப்பனிடலின் முதற்படி, மூன்று தளங்களுள் எதனை ஆராயப் போகிறோம் என்பதைத் தெளிவாக்குவதாகும். மூன்றையும் ஒருங்கே ஆராய முனையும் மாணவர் எதனையும் ஆராயாதவராவார்.

3

அடுத்து ‘காரணிகள்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். வெற்றியின் காரணிகளைக் கேட்டவுடன் எமது மனம் தனிமனிதரின் குணங்களை நோக்கியே ஓடுகிறது: விடாமுயற்சி, தன்னம்பிக்கை, படைப்பாற்றல், காலமறிந்து செயற்படல். பேட்டிகளிலும் இவையே கூறப்படுகின்றன. அவை பொய்யென நாம் கூறவில்லை. அக்குணங்கள் பயன் தருவதற்கு எத்தகைய வரலாற்று நிலைமைகள் வேண்டியிருந்தன என்பது அப்பேட்டிகளில் மறைந்து போகிறது.

இலங்கை ஆடைத் தொழிலின் வரலாறே இதற்குத் தக்க சான்று. 1970 முதல் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் உள்நாட்டு நெசவு ஓரளவு பாதுகாப்புப் பெற்றிருந்தது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை புகுந்ததும் மலிவான இறக்குமதித் துணி சந்தையை நிறைத்தது. கைத்தறியை நம்பியிருந்த கிராமப் பெண்கள் பலர் தொழிலிழந்தனர். அவர்களெல்லாம் ஒரே ஆண்டில் விடாமுயற்சியைக் கைவிட்டனர் எனக் கூற எவரும் துணியார். 1978இல் கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் நிறுவப்பட்டது. வெளிநாட்டு மூலதனம் இங்கு வந்தமைக்குக் கூலி மலிவு ஒரு காரணம். 1974 முதல் நடைமுறையிலிருந்த பல்லிழை ஒப்பந்தம் மற்றொரு காரணம். அவ்வொப்பந்தம் நாடுகளுக்கிடையே ஏற்றுமதிப் பங்கினைக் கோட்டாவாகப் பிரித்திருந்தது. தம் நாட்டுக் கோட்டா நிரம்பிய கிழக்காசிய உற்பத்தியாளர் இலங்கையின் நிரம்பாக் கோட்டாவைத் தேடி வந்தனர். 1992இல் ஜனாதிபதி பிரேமதாசா தொடக்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டமும் கிராமப்புறத்துக்குச் செல்லும் முதலாளிக்குக் கோட்டாச் சலுகை என்னும் அடிப்படையிலேயே இயங்கியது. 2004 முடிவிற் கோட்டா முறை அற்றுப்போனதும் சிறிய தொழிற்சாலைகள் பல தாக்குப்பிடிக்க மாட்டாது மூடப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை 2005இற் கிடைத்தது, 2010இல் இடைநிறுத்தப்பட்டது, 2017இல் மீண்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் வெற்றியின் ‘காரணிகள்’ மாறின.

வடபுலத்துக்கு இவ்வரலாறு வேறுவிதமாக வந்து சேர்ந்தது. தெற்கிலே தொழிற்சாலைகள் பெருகிய காலம் வடக்கிலே போர் நிகழ்ந்த காலம். 2009இற் போர் முடிந்த பின்னரே வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மாவட்டங்களை நோக்கிப் பெரும் ஆடை நிறுவனங்கள் வந்தன. கிளிநொச்சியிலே எம்.ஏ.எஸ். நிறுவனம் அமைத்த தொழிற்சாலையொன்றுக்கு ‘வானவில்’ என்பது பெயர். எமது கவிஞர்கள் இயற்கையழகுக்கும் எதிர்கால நம்பிக்கைக்கும் படிமமாகக் கையாண்ட ஒரு சொல் இன்று உற்பத்தி வரிசையொன்றின் பெயராகியிருப்பது இலக்கிய மாணவரின் கவனத்துக்குரியது. போரினாற் குடும்பத்தில் உழைப்போரை இழந்த பெண்களுக்கு அத்தொழிற்சாலைகள் மாதச் சம்பளத்தை அளித்தன; அத்தகைய பெண்கள் பெருந்தொகையினராகக் கிடைத்தமை மூலதனத்துக்கும் வாய்ப்பாயிற்று. இவ்விரு கூற்றும் ஒருங்கே உண்மை. நல்ல வினா இரண்டுக்கும் இடமளிக்க வேண்டும்.

4

மூன்றாவதாக, ‘வெற்றி’ என்னும் சொல்லுக்கு வருவோம். எதனைக் கொண்டு அளப்பது? வருமானமா, இலாபமா, புகழா, தொழில் நீடித்த ஆண்டுகளா? அளவுகோல் மாறும்போது வெற்றி பெற்றவரும் மாறுவர்.

அண்மைக்கால எடுத்துக்காட்டொன்றைக் காண்போம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி, அவ்வாண்டு மே மாதமளவில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. ஏற்றுமதியாளர் ஆடைக்கான விலையை டொலரிற் பெறுகிறார். தொழிலாளி கூலியை ரூபாவிற் பெறுகிறார். ரூபாக் கணக்கிற் கூலி சற்று உயர்ந்தபோதும், அக்கூலி வாங்கக்கூடிய அரிசியும் மாவும் குறைந்தன. ஒரே ஆண்டு, ஒரே தொழிற்சாலை, ஒரே சட்டை. கணக்கேட்டின் ஒரு பக்கத்தில் வெற்றி, மறுபக்கத்தில் இழப்பு. ‘துறை வெற்றி கண்டது’ என்னும் வாக்கியத்தின் எழுவாய் யார் என்பதை வினவாத ஆய்வு, வர்க்க முரண்பாட்டை இலக்கணத்தினால் மூடிவிடுகிறது.

இது புதிய செய்தியன்று. 1863ஆம் ஆண்டு யூன் மாதம் இலண்டனில், இருபது வயதான மேரி ஆன் வோக்லி என்னும் தையற் பெண் வேலைத்தலத்தில் இறந்தார். வேல்ஸ் இளவரசியின் பொருட்டு நிகழவிருந்த நடன விருந்துக்குச் செல்லும் சீமாட்டிகளின் ஆடைகளைக் குறித்த பொழுதுக்குள் முடிக்கும்பொருட்டு, ஏனைய அறுபது பெண்களோடு இருபத்தாறரை மணி நேரம் இடைவிடாது தைத்தவர் அவர். காற்றுப் போதாத அறையொன்றில் முப்பது பேர் அடைக்கப்பட்டிருந்தனர். மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதற்பாகத்தில், வேலைநாள் பற்றிய இயலிலே இதனைக் குறிப்பிடுகிறார். அந்தப் பருவத்து ஆடைகள் உரிய வேளைக்கு முடிக்கப்பட்டிருப்பின், தையலகத்தைப் பொறுத்தவரை அது வெற்றியே. 2013 ஏப்ரல் 24இல் டாக்கா அருகே ராணா பிளாசாக் கட்டிடம் இடிந்து 1,134 பேர் மாண்டபோதும், அங்கு தைக்கப்பட்ட ஆடைகள் உலகச் சந்தையில் விலைபோய்க்கொண்டுதான் இருந்தன.

மார்க்ஸின் எடுத்துக்காட்டில் நாம் கற்கவேண்டியது அவரது சினத்தை மட்டுமன்று; அவர் சான்று திரட்டிய முறையையுமாகும். பத்திரிகைச் செய்தி, மருத்துவரின் சாட்சியம், அரசாங்க அறிக்கைகள் ஆகியவற்றை ஒப்புநோக்கியே அவர் எழுதினார். மணிக்கணக்கு அங்கே தெளிவாக இருக்கிறது. எமது மாணவர்கள் மணிக்கணக்கைக் கேட்க மறந்துவிடுகின்றனர்.

ஊர்த் தையலுக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். கற்பனைக் கணக்கொன்றைக் கொள்வோம். ஒரு பெண் தையலால் மாதம் 30,000 ரூபா பெறுகிறார். நூல், உட்துணி, கொளுக்கி, மின்சாரம், பஸ் கட்டணம் ஆகியவற்றுக்கு 12,000 ரூபா செலவு. கடன் தவணை 6,000 ரூபா. எஞ்சுவது 12,000. சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே பகலிலும் இரவிலுமாக மாதம் 200 மணி நேரம் தைத்தால், மணிக்குக் கிடைப்பது 60 ரூபா. ‘மாதம் 30,000 ரூபா உழைக்கும் வெற்றிகரமான தொழில் முனைவோர்’ என அறிக்கையொன்று இவரைக் குறிப்பிடக்கூடும். அறிக்கையின் எண்ணும் எமது எண்ணும் ஒரே வாழ்க்கையிலிருந்து பெறப்பட்டவையே.

5

நான்காவது குறைபாடு நுட்பமானது. வெற்றி பெற்றவரை மட்டும் தேடிச் சென்று காரணங் கேட்டால், அதே குணங்களோடு அதே முயற்சியைச் செய்து தோற்றவர் கணக்கிலே வரமாட்டார். பத்துப் பேர் கடன் வாங்கித் தையற்கடை திறந்தனர் எனக் கொள்வோம். எட்டுப் பேர் மூடிவிட்டனர். எஞ்சிய இருவரும், ‘துணிந்து கடன் வாங்கினோம், வென்றோம்’ என்பர். எட்டுப் பேரும் அவ்வாறே துணிந்தவர்கள் என்பதை அவ்வாய்வு ஒருபோதும் அறியாது. ஆகவே கைவிட்டவரையும் தேடிச் சென்று வினவுவது ஆய்வின் நேர்மைக்கு இன்றியமையாதது.

புளியங்கூடல் போன்ற ஊர்களில் இது மேலும் முக்கியம் பெறுகிறது. 1990, 1991ஆம் ஆண்டுகளின் போர் நடவடிக்கைகளினால் வேலணைத் தீவின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வீடுகள் பல நீண்டகாலம் பூட்டிக் கிடந்தன. அதற்கு முன்னரும் தீவக மக்களின் சீவனம் ஊருக்கு வெளியேதான் பெரிதும் தங்கியிருந்தது. தென்னிலங்கை நகரங்களிலே கடை வைத்தும் கடைகளிற் சிப்பந்திகளாக நின்றும் உழைத்தவர் பலர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் அக்கடைகளைத் தாக்கின. பின்னர் பிள்ளைகள் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் புலம்பெயர்ந்தனர். இன்று ஊரிலிருக்கும் தையற்காரி ஒருவருக்கு யார் வாடிக்கையாளர்? அயலவரா, கோயிற்றிருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருவோரா, அல்லது அங்கிருந்தே அளவை அனுப்பிச் சட்டை தைப்பிப்போரா? எவ்வகை நாகரிகம் எங்கிருந்து வந்து ஊரின் விருப்பமாகிறது? மேல்வகுப்பினரைப் பின்பற்றுவோர் நெருங்கியதும் மேல்வகுப்பினர் புதிய பாணிக்குத் தாவுவர் என 1904ஆம் ஆண்டளவிலே ஜேர்மானிய சமூகவியலாளர் கியோர்க் சிமெல் விளக்கினார். அவ்விளக்கம் புலம்பெயர்ந்தோருக்கும் ஊரவருக்கும் இடையே எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது சோதித்தற்குரிய கருதுகோள்.

சாதியையும் இவ்விடத்து விலக்கிவிட முடியாது. யாழ்ப்பாணச் சமூகத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் தோளிற் சால்வை இடுவதும், அச்சாதிப் பெண்கள் மேற்சட்டை அணிவதும் மறுக்கப்பட்டிருந்த காலம் வரலாற்றில் மிகத் தொலைவானதன்று. தைத்த சட்டை ஒன்றை அணிந்து தெருவில் நடப்பதே போராடிப் பெற்ற வெற்றியாக இருந்த மக்கள் எம்மிடையே உளர். அளவெடுத்தல் உடலைத் தொடுந் தொழில். யார் யாருடைய வீட்டுக்குச் சென்று அளவு கொடுக்கின்றனர், யார் துணியை மட்டும் அனுப்பி வைக்கின்றனர் என்பதை ஆய்வாளர் கண்திறந்து நோக்க வேண்டும். வினாக்கொத்தில் நேரடியாகக் கேட்டால் எவரும் விடை கூறார். விறாந்தையில் ஒருநாள் அமர்ந்திருந்தால் விடை தானாகத் தெரிய வரும்.

6

இவ்வளவும் எடுத்துரைத்த பின்னர் நாம் மாணவிக்கு ஒரு வினாவை எழுதிக் கொடுத்தோம்: ‘தீவகத்துத் தையற் பெண்களை மூலதனம் எவ்வாறு சுரண்டுகிறது?’ அதனை வாசித்த அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், தம் தாயார் பதினைந்து ஆண்டுகளாக வீட்டிலிருந்து தைத்து வருவதாகவும், இரண்டாவது இயந்திரத்தைக் கடனுக்கு எடுப்பதா விடுவதா என்பது அம்மாதம் வீட்டில் நிகழும் விவாதம் என்றும் கூறினார். ‘சுரண்டல் எண்டு எழுதினா அம்மாவுக்கு என்ன தெரிய வரும், சேர்? மெசினை எடுக்கலாமோ கூடாதோ எண்டுதானே அவ கேக்கிறா’ என்றார்.

எமது வினாவிலிருந்த குறை அப்பொழுதுதான் எமக்குப் புலப்பட்டது. விடையை முன்கூட்டியே தன்னுள் வைத்திருந்த வினா அது. எத்தகைய சான்று கிடைத்தாலும் அது பொய்ப்பிக்கப்படாது. பொய்ப்பிக்கப்பட முடியாத வினா ஆய்வு வினாவன்று, அது சுலோகம். சுலோகத்துக்கு ஊர்வலத்தில் இடமுண்டு. ஆய்வேட்டின் முதற்பக்கத்தில் இடமில்லை. மார்க்சியத்தை ஆய்வுமுறையாகக் கொள்ளும் எம்போன்றோர் இதனை மற்றவரிலும் அதிகமாக மனங்கொள்ளுதல் வேண்டும். முதலாளித்துவ ஆய்வாளர் ‘வெற்றி’யை எடுகோளாக வைக்கிறார், நாம் ‘சுரண்ட’லை எடுகோளாக வைத்தோம். இரு வினாக்களிலும் தையற் பெண் தம் வாய்திறந்து கூறுவதற்கு எதுவும் எஞ்சவில்லை.

மேலும், வெற்றி விரும்பும் உழைக்கும் மக்களை ஏளனஞ் செய்வது எமது மரபன்று. இரண்டாவது இயந்திரத்தை விரும்பும் பெண் முதலாளித்துவக் கனவிலே மயங்கியவர் என எழுதிவிடுவது எளிது. அவ்வியந்திரம் மகளின் பல்கலைக்கழகச் செலவாக இருக்கலாம். பிறரிடம் கைநீட்டாது வாழும் உரிமையாக இருக்கலாம். ஆகவே ‘வெற்றி’ என்னும் சொல்லை வினாவிலிருந்து அகற்ற வேண்டியதில்லை. எடுகோளாக இருந்த அதனை ஆய்வுப் பொருளாக இடம் மாற்ற வேண்டும்.

அதன் பின் மாணவியும் நாமும் சேர்ந்து அமைத்த வினா இது: ‘2009ஆம் ஆண்டின் பின் புளியங்கூடலிலும் அயற்கிராமங்களிலும் வீட்டிலிருந்து தையற்றொழில் செய்த பெண்கள் எதனை வெற்றியென்றும் எதனைத் தோல்வியென்றும் கருதுகின்றனர்? துணி, கடன், வாடிக்கையாளர் ஆகியவற்றை அவர்கள் பெற்ற வழிகள், தொழிலில் நீடித்தவர்க்கும் கைவிட்டவர்க்கும் இடையிலான வேறுபாட்டை எவ்வளவு தூரம் விளக்குகின்றன?’

முதல் வினாவோடு இதனை ஒப்பிட்டால் நிகழ்ந்த மாற்றங்கள் தெளிவாகும். இடமும் காலமும் வரையறுக்கப்பட்டுள்ளன. மூன்று தளங்களுள் ஒன்று தெரிவாகியுள்ளது. தோற்றவரும் இடம்பெறுகின்றனர். வெற்றியின் பொருளை ஆய்வாளர் விதிக்காது, உழைப்போரிடம் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வினா எமது கருதுகோளைத் தோற்கடிக்கவும் வல்லது. ஒரே வகைக் கடனும் ஒரே வகை வாடிக்கையாளரும் கொண்ட பெண்களுள், பயிற்சியும் கைத்திறனும் மிக்கவர் மட்டுமே நீடித்துள்ளனர் எனச் சான்று காட்டுமாயின், நிலைமைகளுக்கு முதன்மை கொடுத்த எமது எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு ஆயத்தமாக இருப்பதே ஆய்வு.

7

இனிச் சான்று திரட்டல் பற்றிச் சில கூறலாம்.

கணக்கு முதலாவது. எத்தனை சட்டை, என்ன விலை, எத்தனை மணி, என்ன செலவு, எவ்வளவு தவணை என்பவற்றை ஒரு மாதத்துக்கு நாள்தோறும் குறிக்கச் செய்தல் வேண்டும். நினைவிலிருந்து கூறும் தொகை பெரும்பாலும் வரவைக் கூட்டியும் உழைத்த நேரத்தைக் குறைத்தும் அமையும். திருவிழா, திருமண மாதங்களையும் வேலை குறைந்த மாதங்களையும் பிரித்து நோக்க வேண்டும்.

கடன் இரண்டாவது. போரின் பின் வடக்கில் ‘வாழ்வாதார உதவி’ எனப் பலர்க்குத் தையல் இயந்திரம் வழங்கப்பட்டது. ஒரே ஊரிற் பலர்க்கு ஒரே கருவி கொடுத்தால் தையற்காரர் பெருகுவர், தைப்பிப்போர் பெருகார். நுண்கடன் நிறுவனங்களும் இதே காலத்திற் பெருகின. பெண்களின் கடன்சுமை நாடளாவிய பிரச்சினையாகி, 2018இல் வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் சிறுகடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. இயந்திரம் யார் தந்தது, எவ்வாறு தந்தது என்னும் வினாக்கள் ஆகையால் இன்றியமையாதவை.

சொல் மூன்றாவது. இங்கேதான் தமிழ் கற்ற மாணவரின் பங்கு தனித்துவமாகிறது. ‘நீங்கள் வெற்றி பெற்றீர்களா?’ எனக் கேட்டால் எவரும் நாணுவர். ‘ஆர் நல்லாத் தைச்சு முன்னுக்கு வந்தது?’ எனக் கேட்டால் கதை பிறக்கும். முன்னுக்கு வருதல், கடன் தீர்தல், கைகாவலாக இருத்தல், ஆரிட்டயும் போய் நிக்காமல் இருத்தல் என மக்கள் வழங்கும் தொடர்கள் ஒவ்வொன்றும் வெற்றிக்கு ஒரு வரைவிலக்கணமாகும். அவற்றைப் பேச்சு வழக்கிலேயே பதிவு செய்தல் வேண்டும். செந்தமிழாக்கினாற் பொருள் உதிர்ந்துவிடும்.

தொழிலாளரின் சொல் எவ்வளவு வலிமையான சான்றாகும் என்பதற்கு முன்மாதிரி தெற்கில் உண்டு. கட்டுநாயக்கா வலயத்தில் 1984இல் தோன்றிய சிங்களப் பத்திரிகையான ‘தாபிந்து’ தொழிற்சாலைப் பெண்களின் கவிதைகளையும் கதைகளையும் முறைப்பாடுகளையும் வெளியிட்டது. அப்பெயரின் பொருள் வியர்வைத் துளி. தையல் இயந்திரத்தின் வணிகப் பெயரைக் கொண்டு ‘ஜூக்கிப் பெண்கள்’ எனச் சமூகம் இழிவாக அழைத்தவர்கள், தம்மைத் தாமே எழுதிய ஆவணம் அது. 2011 மே 30இல், தனியார் துறை ஓய்வூதிய மசோதாவுக்கு எதிராகக் கட்டுநாயக்காவில் எழுந்த போராட்டத்தின்மீது பொலிஸார் சுட்டதிற் காயமுற்ற ரொஷேன் சானக்க என்னும் இளந்தொழிலாளி இறந்தார். மசோதா கைவிடப்பட்டது. ஆடைத் துறையில் வெற்றி எது எனக் கேட்கும் ஆய்வாளர், அப்போராட்டத்தை எந்தப் பத்தியில் எழுதுவார் என்பதும் சிந்தித்தற்குரியது.

இறுதியாக, அறம் பற்றிய ஒரு குறிப்பு. சிறிய ஊரிற் பெயரை மறைத்தாலும் ஆளை மறைக்க முடியாது. ‘இரண்டு பிள்ளைகளையுடைய, சந்திக்கருகே தைக்கும் பெண்’ என எழுதினால் ஊர் முழுவதும் அறியும். கடனையும் கணக்கையும் எழுதும்போது ஆட்களை இனங்காட்டும் விவரங்களைத் தவிர்த்தும், பலரின் தகவலைத் தொகுத்தும் தர வேண்டும். எழுதியதை உரியவருக்கு வாசித்துக் காட்டுவதும் ஆய்வாளரின் கடமை.

8

மாணவியின் ஆய்வு இன்னும் முடியவில்லை. தாயாரின் ஒரு மாதக் கணக்கை முதலில் அவரே குறித்து வந்தார். நேரத்துக்கென ஒரு பத்தி இட்டபோது, ‘இதையும் எழுதுறதோ?’ எனத் தாயார் வியந்ததாகக் கூறினார். பதினைந்து ஆண்டுகளில் அவ்வுழைப்பின் மணிக்கணக்கை எவரும் கேட்டதில்லை, அவரும் எண்ணியதில்லை. அக்கணக்கு முடிந்த பின்னரே இரண்டாவது இயந்திரம் பற்றித் தீர்மானிப்பதென வீட்டில் முடிவாகியுள்ளது.

ஆய்வு வினாவின் தகுதிக்கு நாம் கூறக்கூடிய அளவுகோலும் இதுவே. எவரைப் பற்றி வினவுகிறோமோ அவர் தம் உழைப்பைப் புதிதாகக் காண்பதற்கு அவ்வினா உதவுதல் வேண்டும். கொழும்புப் பேட்டிகளிலிருந்து திரட்டிய காரணிகளின் பட்டியல் அதனைச் செய்திராது. நாம் எழுதிக் கொடுத்த சுலோகமும் செய்திராது. நேரத்துக்கென இட்ட ஒரு வெற்றுப் பத்தி அதனைச் செய்தது. அப்பத்தியை நிரப்பும் உரிமை உழைப்பவருடையது. அதனை ஆய்வேட்டில் வரைந்து வைப்பது எமது பொறுப்பு.